கப்பம் கட்டியவர் அரசரான கதை

(மார்டள்ளியில் புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்களுக்கான பேச்சு)



“இராமன் ஆண்டால் என்ன, இராவணன் ஆண்டால் என்ன?” என்று வயதானவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். யார் ஆண்டாலும் ஏழைக்கு உழைப்புதான், குடியானவனுக்கு வரிதான் என்பது அதன் பொருள். அரசர்களின் கதையைப் படிக்க உட்கார்ந்தால் உடனே இந்தப் பேச்சுதான் வரும். இது சரிதானா? கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஒரு பெரிய அரசர் இருக்கிறார். அவருக்குக் கீழே ஒரு சிறிய தலைவர். சிறியவர் ஆண்டுதோறும் பெரியவருக்குப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்துக்குப் பெயர்தான் கப்பம். ஒருநாள் அந்தச் சிறியவர் பெரியவரை இறக்கிவிட்டு அவர் இடத்தில் அமர்கிறார். இப்படி நடந்தது ஒரு முறை அல்ல. உலகத்தில் பல இடங்களில் நடந்திருக்கிறது. அதில் மிகப் பழைய ஒன்று பாரசீகத்தில் நடந்தது. இன்னொன்று காவிரிக் கரையில், இங்கிருந்து ஒருநாள் பயணத்தில் போய்ப் பார்த்து வரக்கூடிய ஊரில் நடந்தது.

முதலில் பாரசீகக் கதை. பாரசீகம் என்பது இன்றைய ஈரான் நாடு. விவிலியம் படிப்பவர்கள் தானியேல் நூலில் “மேதியர், பாரசீகர்” என்ற இரண்டு பெயர்களும் சேர்ந்தே வருவதைப் பார்த்திருப்பார்கள். இவர்கள் இரண்டு இனத்தார். முதலில் மேதியர்தான் மேலே இருந்தார்கள். பாரசீகர் அவர்களுக்கு அடங்கி நடந்தார்கள். மேதியரின் அரசர் பெயர் அஸ்தியாகஸ். பாரசீகரின் தலைவர் பெயர் சைரஸ்.

இந்தக் கதையை ஹெரடோட்டஸ் என்ற கிரேக்கர் எழுதி வைத்திருக்கிறார். நடந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆன பிறகுதான் எழுதினார். அதனால் கதையில் கற்பனையும் கலந்திருக்கும். ஆனாலும் கேட்க வேண்டிய கதை.

அஸ்தியாகஸ் ஒரு கனவு கண்டாராம். தம் மகளிடமிருந்து ஒரு திராட்சைக் கொடி முளைத்து ஆசியா முழுவதும் படர்வது போல் கனவு. மகளுக்குப் பிறக்கும் பிள்ளை தம் நாட்டைப் பிடித்துக்கொள்வான் என்று பயந்தார். பிள்ளை பிறந்ததும் அதைக் கொன்றுவிடும்படி ஹார்ப்பகஸ் என்ற அதிகாரியிடம் கொடுத்தார். ஹார்ப்பகஸுக்கு மனம் வரவில்லை. மாடு மேய்க்கும் ஒருவரிடம் பிள்ளையைக் கொடுத்தார். மேய்ப்பவரும் அவர் மனைவியும் அதைத் தங்கள் பிள்ளையாகவே வளர்த்தார்கள். அந்தப் பிள்ளைதான் சைரஸ்.

பத்து ஆண்டுக்குப் பிறகு உண்மை தெரிந்துவிட்டது. அரசர் சைரஸை விட்டுவிட்டார். ஹார்ப்பகஸை விடவில்லை. அவருடைய ஒரே மகனைக் கொன்று, அந்தக் கறியையே அவருக்கு விருந்தாக வைத்தார் என்கிறது கதை. ஹார்ப்பகஸ் வாய் திறக்கவில்லை. “அரசர் செய்வது எல்லாம் சரிதான்” என்று சொல்லிவிட்டு, மிச்சத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். பல ஆண்டுகள் காத்திருந்தார்.

சைரஸ் பெரியவரானதும் ஹார்ப்பகஸ் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். வழியெல்லாம் காவல். கடிதத்தை எப்படி அனுப்புவது? ஒரு முயலின் வயிற்றைக் கிழித்து, உள்ளே கடிதத்தை வைத்துத் தைத்தார். வேட்டைக்காரன் போல வேடம் போட்ட ஒரு வேலைக்காரனிடம் முயலைக் கொடுத்து அனுப்பினார். “நீ படை எடுத்து வா. மேதியரின் பெரிய மனிதர்கள் உன் பக்கம் சேர்வார்கள்” என்பதுதான் செய்தி. ஒரு துண்டுக் கடிதத்தைப் பார்த்து ஓர் அரசு எவ்வளவு பயந்திருக்கிறது, பாருங்கள்.

கடிதத்தைப் படித்த சைரஸ் என்ன செய்தார்? பாரசீக மக்களைக் கூட்டினார். ஆளுக்கு ஓர் அரிவாள் கொண்டுவரச் சொன்னார். மூன்று நான்கு கிலோமீட்டர் நீள அகலத்துக்கு முள்புதர் மண்டிக் கிடந்த நிலத்தைக் காட்டி, இதை இன்றைக்குள் வெட்டித் தள்ளுங்கள் என்றார். பொழுது சாயும்வரை வெட்டினார்கள். முள் வெட்டும் வேலை எப்படிப்பட்டது என்று காட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் குளித்துவிட்டு வரச் சொன்னார். தம் தகப்பனாரின் ஆடு மாடுகளை அடித்துப் பெரிய விருந்து வைத்தார். எல்லாரும் புல்தரையில் சாய்ந்து வயிறாரச் சாப்பிட்டார்கள். அப்போது சைரஸ் கேட்டார்: “நேற்று நன்றாக இருந்ததா? இன்று நன்றாக இருக்கிறதா?” இதில் என்ன சந்தேகம், நேற்று முழுக்கக் கஷ்டம், இன்று முழுக்கச் சுகம் என்றார்கள். “என் பின்னால் வந்தால் உங்களுக்கு இன்றைய நாள். வராவிட்டால் என்றென்றும் நேற்றைய நாள்” என்றார் சைரஸ்.

நல்ல பேச்சுத்தான். தேர்தல் கூட்டம் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அஸ்தியாகஸ் படையை அனுப்பினார். அதற்குத் தளபதி யார் தெரியுமா? அதே ஹார்ப்பகஸ். மகனைக் கொன்றதை அரசர் மறந்துபோனார் போலும். தகப்பன் மறப்பாரா? போர் தொடங்கியது. சதியில் சேர்ந்தவர்கள் நேராகச் சைரஸ் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் வேண்டுமென்றே ஓடினார்கள். அரசர் தனியே நின்றார். பிடிபட்டார்.

இது நடந்தது கி.மு. 550-ஆம் ஆண்டு வாக்கில். கனவும் முயலும் கதையாக இருக்கலாம். ஆனால் பாபிலோன் நாட்டவர் களிமண் பலகையில் எழுதிய ஒரு குறிப்பு கிடைத்திருக்கிறது. அது இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் கனவு இல்லை, முயல் இல்லை. அஸ்தியாகஸ் படையோடு சைரஸ் மீது போனார், அவருடைய படையே அவருக்கு எதிராகத் திரும்பி அவரைப் பிடித்துக் கொடுத்தது என்று இருக்கிறது. சைரஸ் மேதியரின் தலைநகரான எக்பத்தானாவுக்குப் போய், வெள்ளியும் பொன்னும் பொருளும் தம் ஊருக்கு எடுத்துச் சென்றார் என்றும் இருக்கிறது. கதையும் பலகையும் ஒரே இடத்தில் ஒத்துப்போகின்றன. பெரியவரைத் தள்ளியது சிறியவரின் பலம் மட்டும் அல்ல. பெரியவரின் ஆட்களே அவரை விட்டு விலகினார்கள்.

சைரஸ் பழைய அரசரைக் கொல்லவில்லை, சாகும்வரை தம்மோடு வைத்துக்கொண்டார் என்கிறார் ஹெரடோட்டஸ். மேதியரையும் ஒதுக்கவில்லை. ஹார்ப்பகஸ் என்ற மேதியரே பிறகு சைரஸின் தளபதியாக ஊர் ஊராகப் பிடித்தார். “மேதியர், பாரசீகர்” என்று இரண்டு பெயரும் சேர்ந்தே வருவதற்குக் காரணம் இதுதான்.

இனி காவிரிக் கரைக்கு வருவோம்.

மார்டள்ளியில் பேருந்து ஏறி, ஹனூர் வழியாகக் கொள்ளேகால் போய், அங்கிருந்து மைசூர் போகிறவர்கள் உண்டு. மைசூரில் இருந்து பெங்களூர் போகும் சாலையில் சிறிது தூரத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் வரும். காவிரி இரண்டாகப் பிரிந்து ஊரைச் சுற்றி ஓடுகிறது. ஊர் நடுவே தீவு. நான்கு பக்கமும் தண்ணீர், உள்ளே கோட்டை. அந்தக் காலத்தில் இப்படி ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருப்பவர்தான் சுற்றுவட்டாரத்துக்கு எசமானர்.

அந்த எசமானர் விஜயநகரப் பேரரசரின் ஆள். விஜயநகரம் என்பது இன்றைய ஹம்பி. தெற்கே மதுரை வரை அந்தப் பேரரசின் கீழ் இருந்தது. பேரரசர் எல்லா இடத்திலும் நேராக இருந்து ஆள முடியாது. அதனால் அங்கங்கே தம் உறவினரையோ நம்பிக்கையானவரையோ வைத்தார். அவர்களை அரசப் பிரதிநிதி என்பார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த பிரதிநிதிக்குச் சுற்றியுள்ள சிறு தலைவர்கள் கப்பம் கட்டினார்கள். இந்தச் சிறு தலைவர்களைப் பாளையக்காரர் என்றும், உடையார் என்றும் சொன்னார்கள்.

அப்படிப்பட்ட உடையார்களில் ஒருவர்தான் மைசூர்க்காரர். இன்று மைசூர் அரண்மனையைப் பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள். 1570-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்கள் கையில் இருந்தது 33 கிராமங்கள், 300 வீரர்கள் என்று பழைய வரலாறு கூறுகிறது. பெரிய மிராசுதாரர் என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவர் பேரரசரின் ஆளை எதிர்க்க முடியுமா? முன்பு முடிந்திருக்காது. 1565-ல் நிலைமை மாறிவிட்டது. அந்த ஆண்டு ஜனவரியில் தக்காணச் சுல்தான்கள் ஒன்று சேர்ந்து விஜயநகரப் படையைத் தோற்கடித்தார்கள். தலைக்கோட்டைப் போர் என்று அதற்குப் பெயர். படையை நடத்திய ராமராயர் கொல்லப்பட்டார். தலைநகர் சூறையாடப்பட்டது. தப்பியவர்கள் பெனுகொண்டாவுக்குப் போனார்கள். பிறகு சந்திரகிரி, அப்புறம் வேலூர் என்று தலைநகரம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. வீடு மாறிக்கொண்டே இருப்பவருக்கு வாடகை பாக்கி வசூல் ஆகுமா? மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்களும் மெல்ல மெல்லத் தங்கள் போக்கில் போகத் தொடங்கினார்கள்.

மைசூர் உடையார்களும் கப்பம் கட்டுவதில் சாக்குப்போக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். 1578-ல் ராஜ உடையார் என்பவர் மைசூருக்குத் தலைவரானார். இந்தக் கதையின் நாயகர் இவர்தான். இவர் ஒரே நாளில் பாயவில்லை. பக்கத்தில் இருந்த சிறு சிறு ஊர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அப்போது பிரதிநிதியாக இருந்தவர் திருமலை. இவர் பேரரசர் வேங்கடபதி ராயரின் சகோதரர் மகன். மைசூர்க்காரர் வளர்வது திருமலைக்குப் பிடிக்கவில்லை. 1596-ல் மைசூரை அடுத்த கேசரே என்ற இடத்தில் இருவருக்கும் மோதல் நடந்தது. அதில் ராஜ உடையாரின் கையே ஓங்கியது என்று மைசூர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். கேசரே இன்று மைசூர் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது.

அதற்குப் பிறகும் 14 ஆண்டுகள் கழிந்தன. 1610-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் ராஜ உடையார் கைக்கு வந்தது.

எப்படி வந்தது? இங்கேதான் கதைகள் பலவாகின்றன. போரிட்டுப் பிடித்தார் என்று ஒரு கதை. திருமலைக்கு ராஜபிளவை என்னும் கொடிய கட்டி வந்தது, உடல் தளர்ந்து அவரே ஊரை ஒப்படைத்துவிட்டுத் தலைக்காட்டுக்குப் போய்விட்டார் என்று இன்னொரு கதை. நோய் தீர வேண்டித் தலைக்காட்டு வைத்தியேஸ்வரர் கோயிலுக்குப் போனார், ஊரை மனைவி பொறுப்பில் விட்டுப் போனார், கணவர் பிழைக்க மாட்டார் என்று கேள்விப்பட்டு அந்த அம்மாள் மைசூர் உடையாரிடம் ஊரை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டார் என்பது மூன்றாவது கதை. மார்க் வில்க்ஸ் என்ற ஆங்கிலேயர் 1810-ல் மைசூர் வரலாற்றை எழுதினார். அவர் பழைய ஏடுகளை எல்லாம் பார்த்துவிட்டு, இதில் இருக்கும் சூழ்ச்சியின் சிக்கலை அந்தக் காலத்தவராலேயே அவிழ்க்க முடிந்திருக்காது என்ற கருத்தில் எழுதினார்.

ஒன்றைக் கவனியுங்கள். மனமுவந்து கொடுத்தார் என்ற கதை யாருக்கு வசதி? வாங்கிக்கொண்டவருக்குத்தான் வசதி. எசமானரைத் தள்ளிவிட்டு வந்தவர் என்ற பெயர் எந்த அரச குடும்பத்துக்கும் பிடிக்காது. நாளை தமக்குக் கீழே இருப்பவனும் அதையே செய்யலாம் அல்லவா?

கதைகள் எப்படி இருந்தாலும் சில செய்திகள் உறுதியானவை. பேரரசர் பெரும் படை அனுப்பி ஊரை மீட்கவில்லை. திருமலை அவருடைய சொந்தக்காரர்தான். ஆனாலும் திரும்பவும் அவரை அங்கே உட்கார வைக்கவில்லை. அதற்குப் பதிலாக 1612-ல் ராஜ உடையாரின் உரிமையை ஏற்றுப் பட்டயம் கொடுத்தார். ராஜ உடையாரும் “நானே பேரரசன்” என்று கூவவில்லை. பேரரசரின் பெயருக்கு மரியாதை வைத்துக்கொண்டார். ஊரையும் வைத்துக்கொண்டார். மைசூரில் இருந்த தம் தலைநகரைத் தீவுக்கு மாற்றினார். பாரசீகத்தில் படை விலகி நின்றது போல, இங்கே பேரரசரே விலகி நின்றார்.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். இதனால் குடியானவனுக்கு என்ன?

அந்தக் காலத்தில் வரிப்பணம் போகும் வழியை நினைத்துப் பாருங்கள். விளைச்சலில் ஒரு பங்கைக் குடியானவர் பாளையக்காரரிடம் கட்டுவார். பாளையக்காரர் தமக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பிரதிநிதிக்கு அனுப்புவார். பிரதிநிதி தமக்கு எடுத்துக்கொண்டு பேரரசருக்கு அனுப்புவார். ஒவ்வொரு படியிலும் ஒரு கை இருக்கும். மேலே இருப்பவர் அதிகம் கேட்டால் நடுவில் இருப்பவர் தம் பங்கைக் குறைத்துக்கொள்வாரா? கீழே இருப்பவரிடம்தான் கூடுதலாகக் கேட்பார்.

ராஜ உடையார் சுற்றியுள்ள பாளையக்காரர்களிடம் மிகக் கடுமையாக நடந்துகொண்டார் என்று வில்க்ஸ் எழுதுகிறார். பலரைப் பதவியில் இருந்தே இறக்கித் தலைநகரில் கொண்டுவந்து வைத்து, சிறிது படி மட்டும் கொடுத்தாராம். ஆனால் குடியானவர்களிடம் மென்மையாக நடந்தார். முன்பு கட்டியதைவிட அதிகமாகக் கேட்கவில்லை. புதிய ஆட்சிக்கு மக்கள் பழகவேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தார் என்பதும் வில்க்ஸின் கணிப்பு.

வில்க்ஸ் இதை எழுதியது 200 ஆண்டுக்குப் பிறகு. அவர் பார்த்தவை பெரும்பாலும் அரண்மனையோடு தொடர்புள்ள ஏடுகள். 1610-ல் ஏர் பிடித்த ஒருவரும் தம் கணக்கை எழுதி வைக்கவில்லை. அவர்களுக்கு எழுதத் தெரிந்திருந்தால் இந்தக் கதையில் இன்னும் ஒரு பக்கம் இருந்திருக்கும். எனவே மென்மை எவ்வளவு, கடுமை எவ்வளவு என்று தராசில் நிறுத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒன்று புரிகிறது. புதிதாக வந்தவருக்குக் குடிகளின் தயவு தேவைப்பட்டது. பழைய பாளையக்காரர்கள் எந்த நேரமும் எதிர்க்கலாம். அவர்களோடு குடிகளும் சேர்ந்துவிட்டால் 1610-ல் வந்தவர் 1611-லேயே போயிருப்பார். அதிகம் கேட்காமல் இருந்தது கருணையாகவும் இருக்கலாம், கணக்காகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் ஒரு படி நெல் வீட்டில் மிஞ்சினால் அது மிஞ்சியதுதான்.

ராஜ உடையார் இன்னொன்றும் செய்தார். விஜயநகர அரசர்கள் ஹம்பியில் நவராத்திரி விழாவைப் பெரிதாகக் கொண்டாடுவார்கள். விழாவுக்கென்று கட்டிய பெரிய மேடை இன்றும் அங்கே இருக்கிறது. பேரரசு விழுந்த பிறகு அந்தச் சிறப்பும் போய்விட்டது. 1610-ல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அந்த விழாவை நடத்தினார். மைசூர் தசரா என்று இன்று உலகமே பார்ப்பது அதன் தொடர்ச்சிதான். 2010-ல் அதன் 400-ஆம் ஆண்டைக் கொண்டாடினார்கள்.

அந்த முதல் விழாவுக்கு முன்னால் ராஜ உடையாரின் மகன் ஒருவர் இறந்துபோனார் என்றும், துக்கத்திலும் விழா நிற்கக்கூடாது என்று அவர் முடிவு செய்தார் என்றும் சொல்வார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர் ஏன் விழா நடத்தினார்? விழா நின்றால், இவர் கையில் நாடு நிற்காது என்று ஊர் பேசும். பழைய பேரரசரின் விழாவை நடத்துகிறவர்தான் புதிய அரசர் என்று எல்லாரும் கண்ணால் பார்க்க வேண்டும். 1617-ல் ராஜ உடையார் இறந்தார். அவருக்குப் பின் அவருடைய பேரன் சாமராஜ உடையார் பட்டத்துக்கு வந்தார்.

தோற்றவர்கள் என்ன ஆனார்கள்? அரண்மனை ஏடுகள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஊர் ஜனங்கள் பேசினார்கள். அதுதான் அலமேலம்மா கதை. மைசூர், சாமராஜநகர் பக்கத்தில் இந்தக் கதை தெரியாதவர்கள் குறைவு.

அலமேலம்மா திருமலையின் மனைவி. கணவர் இறந்தபின் தலைக்காட்டுக்குப் பக்கத்தில் மாலங்கி என்ற ஊரில் இருந்தார். அவரிடம் விலை உயர்ந்த நகைகள் இருந்தன. ஸ்ரீரங்கப்பட்டணம் கோயிலில் ரங்கநாயகித் தாயாருக்குச் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் அந்த நகைகளைச் சாத்துவார்களாம். ஊர் கைமாறியதும், நகையும் கோயிலுக்கு வரவேண்டும் என்று புதிய அரசர் ஆள் அனுப்பினார். அலமேலம்மா ஒரு முத்து மூக்குத்தியை மட்டும் கொடுத்தார். மீண்டும் ஆட்கள் வந்தார்கள். இந்த முறை வீரர்கள். அவர் நகைகளைத் துணியில் முடிந்துகொண்டு காவிரி மடுவில் குதித்தார். குதிக்கும் முன் மூன்று சாபம் கொடுத்தார். தலைக்காடு மணலாகிப் போகட்டும், மாலங்கி ஆழமான மடுவாகட்டும், மைசூர் அரசருக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும் என்பவைதான் அந்தச் சாபங்கள்.

சைரஸும் பொன்னையும் வெள்ளியையும் மூட்டை கட்டித் தம் ஊருக்குக் கொண்டு போனார் அல்லவா? எக்பத்தானாவில் எந்தப் பெண்ணின் நகை போயிற்று என்று பலகையில் இல்லை. இங்கே ஜனங்கள் மறக்கவில்லை. யார் வென்றார் என்பதை அரண்மனை சொன்னது. யார் அழுதார் என்பதை ஊர் சொன்னது. அரண்மனையும் கடைசியில் அதைக் காதில் வாங்கிக்கொண்டது. மைசூர் அரண்மனையில் அலமேலம்மாவின் உருவத்துக்குப் பூசை செய்யும் வழக்கம் உண்டு.

சாபம் பலித்ததா என்று கேட்பீர்கள். தலைக்காடு மணலில் மூழ்கியிருப்பது உண்மை. ஒரு காலத்தில் கங்க அரசர்களின் தலைநகராக இருந்த ஊர் அது. பிறகு சோழர்கள் அதைப் பிடித்து ராஜராஜபுரம் என்று பெயர் வைத்தார்கள். 1116 வாக்கில் ஹொய்சளர் அதைச் சோழரிடமிருந்து மீட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் இன்று கோயில்களைப் பார்க்க மணல் மேட்டில் ஏறி இறங்க வேண்டும். ஆனால் மணலுக்குக் காரணம் வேறு. காவிரி அங்கே வளைந்து ஓடுகிறது. வளைவில் மணல் சேர்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் மாதவ மந்திரி என்பவர் பெயரால் அங்கே ஓர் அணை கட்டப்பட்டது. அணையால் தண்ணீர் குறைந்து ஆற்றுமணல் வெளியே தெரிந்தது, காற்று அதை வாரி ஊர் மேல் கொட்டியது என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். அப்படியானால் மணலுக்கான வேலை அலமேலம்மாவுக்கு 200 ஆண்டு முன்பே தொடங்கிவிட்டது.

பிள்ளை விஷயம் என்ன? மைசூர் அரச குடும்பத்தில் பல முறை தத்து எடுத்தது உண்மை. 1940-ல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் பிள்ளை இல்லாமல் இறந்து, தம்பி மகன் பட்டத்துக்கு வந்தார். 2013-ல் இறந்த ஸ்ரீகண்டதத்த உடையாருக்கும் பிள்ளை இல்லை. ஆனால் அந்த நான்காம் கிருஷ்ணராஜரே, பத்தாம் சாமராஜருக்குப் பிறந்த பிள்ளைதான். 2015-ல் தத்து வந்த யதுவீருக்கு 2017-ல் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. சாபம் என்று கணக்குப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. அந்த அம்மாளுக்கு நடந்தது அநியாயம் என்று ஜனங்கள் நினைத்தார்கள். அதை நேராகச் சொன்னால் ஆபத்து. சாபமாகச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்தத் தீவில் அதே ஆட்டம் இன்னொரு முறையும் நடந்தது. மைசூர்ப் படையில் சாதாரணமாகச் சேர்ந்து மேலே வந்தவர் ஹைதர் அலி. 1761-ல் ஆட்சி முழுவதும் அவர் கைக்குப் போனது. உடையாரை அவர் விரட்டவில்லை. பட்டத்தில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். தசரா வந்தால் உடையாரைச் சிங்காதனத்தில் உட்கார வைத்து ஊருக்குக் காட்டினார். விழா முடிந்ததும் அதிகாரம் ஹைதரிடம். 1612-ல் வேங்கடபதி ராயரின் பெயரை வைத்துக்கொண்டு ராஜ உடையார் செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

1799-ல் ஹைதரின் மகன் திப்பு சுல்தான் அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆங்கிலேயரோடு போரிட்டு இறந்தார். ஆங்கிலேயர் உடையார் குடும்பத்துச் சிறுவன் ஒருவரை மைசூரில் பட்டத்தில் வைத்தார்கள். கொள்ளேகால் பகுதியைத் தாங்களே எடுத்துக்கொண்டு கோயமுத்தூர் ஜில்லாவோடு சேர்த்தார்கள். அதனால்தான் மார்டள்ளியின் பெரியவர்கள் ஒரு காலத்தில் கோயமுத்தூர் ஜில்லாக்காரர்களாக இருந்தார்கள். 1956-ல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது கொள்ளேகால் மைசூர் மாநிலத்துக்கு வந்தது. 1997-ல் மைசூர் மாவட்டத்தில் இருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தது. இன்று மார்டள்ளி அந்த மாவட்டத்தின் ஹனூர் வட்டத்தில் இருக்கிறது.